எலி டாக்டரம்மாவுக்கு எங்கள் ஊர் கொடுத்த வரவேற்பு

உத்திரமேரூர் வட்டத்திலேயே செத்த எலியைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்த ஒரே மனுஷி எலி டாக்டரம்மாதான். "உயிரோட பிடிச்சிருந்தா எவ்வளவு சோலி பாத்திருக்கலாம்" என்று சொந்தக்காரர் போனதுபோலப் புலம்புவார். எலி அடித்த ஆளுக்கே, கொலைக் கேஸில் மாட்டிக்கொண்டோமோ என்று பயம் வந்துவிடும்.

அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் பட்டங்களும் இருந்தன. எங்கள் ஆட்கள் எதையும் சட்டை செய்யவில்லை. எலிப் பொறியோடு வந்து இறங்கினார், எலி டாக்டரம்மா ஆனார். வந்த புதிதில் ஒரு பெரியவர் கிண்டலாக, "எங்க வூட்டு எலி ரெண்டு நாளா தேங்கா துன்ன மாட்டேன்து, இன்னான்னு வந்து பாரும்மா" என்றார். டாக்டரம்மாவுக்குக் கிண்டல் புரியாது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பெரியவர் வீட்டில் எலியைத் தேடிப் பரண் முழுவதையும் இறக்கிப் போட்டதில், அவர் கிண்டல் செய்வதையே விட்டுவிட்டார்.

நான் அவரிடம் களப்பணியாளராக வேலை பார்த்தேன். நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு, தனியார் ஆஸ்பத்திரிகள் சொன்ன சம்பளத்தைக் கேட்டு எரிச்சலாகி வீட்டில் உட்கார்ந்திருந்தவள். அவர் திருநெல்வேலிப் பக்கம். முதல் நாளே, "ஏட்டி, இந்தப் பொட்டியப் பிடி" என்றார். எங்கள் பக்கத்தில் பழகாதவரை 'டி' போட்டுப் பேசினால் அடுத்தது கைகலப்புதான். முறைத்தேன். "என்னட்டி மொறைக்க? எலி ஓடிரப் போவுது, பிடி!" என்றார். பிடித்தேன். எலி துள்ளிய துள்ளலில் கோபப்பட நேரம் கிடைக்கவில்லை.

எலி எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் மழை விட்டதும் ஒரு காய்ச்சல் வரும். ஏரிக்கரைப் புதரில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவர்கள், விறகு பொறுக்கப் போனவர்கள், வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள் படுத்துவிடுவார்கள். எலியின் மேல் ஒட்டிக்கொண்டு வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் பீடி சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். டாக்டர்களும் கேட்க மாட்டார்கள். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, காசு வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். பெட்டிக்கடை மிட்டாய் விலைக்குக் கிடைக்கிற மாத்திரைக்குக் கேட்கிற காய்ச்சலுக்கு, ஆள் செத்துப்போவான்.

கன்னியம்மா என்று நாற்று நடுகிற பெண். எந்த ஆஸ்பத்திரியிலும் ஒன்றும் தெரியாமல், கண் செருகிக் கிடந்தாள். டாக்டரம்மா போய் முதலில் கேட்ட கேள்வி, "பாவாட நாடா எங்க கட்டுவ?" கன்னியம்மாவின் புருஷன் எகிறிவிட்டான். "இன்னா டாக்டரு இது? பொம்பளைங்களாண்ட கேக்கற கேள்வியா?" அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது நான்தான். துணி இறுக்குகிற இடத்தில்தான் உண்ணி கடிக்கும். நாடா முடிச்சுக்குக் கீழே இருந்தது பொருக்கு. டாக்டரம்மா புதையல் கிடைத்ததுபோல் கத்தினார். வெளியே இருந்தவன் பெண்டாட்டி போய்விட்டாள் என்று நினைத்து அழ ஆரம்பித்தான். இரண்டு நாள் மாத்திரையில் கன்னியம்மா எழுந்து உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பு கேட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் அவருக்கு எதையும் மறுத்ததில்லை. புரிந்ததில்லை, அது வேறு. கறுப்பு டைல்ஸ் வாங்கி ஏரிக்கரைப் புதருக்குள் வரிசையாக வைத்து, குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடியால் பார்ப்பார். உண்ணி கறுப்பின் மேல் ஏறிவரும், அதை எண்ண வேண்டும். எங்கள் ஊர் வழியாகச் சாலவாக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்து, "இன்னாடா, ஏரிக்கே டைல்ஸ் போட்றாங்கோ" என்பார்கள். எலிப் பொறியில் வைக்க வேர்க்கடலை வெண்ணெய்தான் வேண்டும் என்று வெளிநாட்டுக் கையேட்டில் இருந்தது. வரவழைத்தார். எங்கள் எலிகள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மசால்வடை வைத்ததும் சண்டை போட்டுக்கொண்டு வந்து விழுந்தன. மிஞ்சிய வெண்ணெயை ஒரு மழைக்காலம் முழுக்க தோசையில் தடவி நாங்கள் இருவரும்தான் தின்று தீர்த்தோம்.

இதெல்லாம் ஒரு சின்ன நிதியில் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியப் போனது. அடுத்து ஒரு பெரிய நிதி இருந்தது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, உலக சுகாதாரத் துறையில் ஆரம்பநிலையில் இருக்கும் ஆய்வாளர்களுக்குத் தருவது. பட்டம் வாங்கிச் சில வருஷங்களுக்குள் கேட்க வேண்டும், தாண்டினால் கிடையாது. டாக்டரம்மாவுக்கு அதுதான் கடைசி வருஷம். கிடைத்தால் அவர் எங்களோடு நாலைந்து வருஷம் இருப்பார், பொருக்கு பார்க்க ஊர் ஊராகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பார். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பஞ்சாயத்துத் தலைவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆரம்பநிலைன்றீங்கோ, தல நரைச்சிக்கினு கீது. எங்க ஊர்ல இந்த வயசுல மாமியாராவே ஆயிடுவாங்கோ!"

"அதாம் தலைவரே, நரைக்க வரைக்கும் படிக்கச் சொல்லுதாங்க. படிச்சு முடிச்சா, வயசாயிட்டுன்னு சொல்லுதாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. விண்ணப்பத்தின் முதல் சுற்றிலேயே எவனோ ஒரு மேதாவி, 'ஒரே ஒரு தாலுகாவில் செய்கிற வேலை எப்படி உலக சுகாதாரம் ஆகும்?' என்று கேட்டிருந்தான். எங்கள் தாலுகா என்ன சந்திரனிலா இருக்கிறது? டாக்டரம்மா பொறுமையாக நாலு பக்கம் பதில் எழுதினார். நானாக இருந்தால் நாலு வார்த்தையில் முடித்திருப்பேன், அச்சில் போட முடியாது.

அடுத்து வீடியோவில் நேர்காணல். சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடம் தண்ணீர் டேங்க் படிக்கட்டுதான். பாதி உயரத்தில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, போனைக் கம்பியில் கட்டி வைத்து உட்கார்ந்தார். அது ஆடி மாதம் என்பதை வெளிநாட்டுக்காரனுக்கு யார் சொல்வது? சரியாக அந்த நேரம் பார்த்து அம்மன் கோயில் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது. நான் மைக்செட்காரனிடம் ஓடினேன். "நைனா, கொஞ்சம் நிறுத்து, மேடம் வெளிநாட்டுல பேசறாங்க!"

"அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றான். பாட்டை நிறுத்தினான். நிறுத்திவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மைக்கைப் பிடித்தான். "எல்லாருக்கும் அறிவிப்பு! நம்ப எலி டாக்டரம்மா டேங்க் மேல வெள்ளக்காரனாண்ட பேசிக்கினு கீறாங்கோ. யாரும் சத்தம் போடாதீங்கோ. ஆட்டக்கூட கத்த வுடாதீங்கோ. டாக்டரம்மா, நீ தெகிரியமா பேசும்மா!" அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்ன அறிவிப்பு என்று கேட்டார்களாம். டாக்டரம்மா மறைக்காமல் மொழிபெயர்த்தார். கண்டிப்பான முகங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தனவாம். ஊர் இவ்வளவு ஒத்துழைக்கிறதே என்று, நேரில் வந்து பார்க்கும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

மழை விட்டதும் வந்தார்கள். இரண்டு வெளிநாட்டுக்காரர்கள், டெல்லியிலிருந்து ஒரு அம்மாள். அழைத்துவர நானும் டாக்டரம்மாவும் முந்தின நாளே சென்னைக்குப் போயிருந்தோம். புதரையும் உண்ணியையும் எலி வளையையும் காட்ட வேண்டும், காய்ச்சல் கண்டு பிழைத்தவர்களைப் பேச வைக்க வேண்டும். இதுதான் திட்டம். வழியெல்லாம் டாக்டரம்மா அவர்களுக்கு ஏரிக்கரையை வர்ணித்துக்கொண்டே வந்தார்.

உத்திரமேரூரிலேயே தலைவர் மாலையோடு மறித்துவிட்டார். வெள்ளைக்காரன் என்றால் கல்வெட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது எங்கள் ஊர் ஆட்களின் ரத்தத்தில் ஊறியது. போனோம். குடவோலை முறையைத் தலைவர் கைஜாடையிலேயே விளக்கினார். வெயில் ஏறியது.

பிறகு கிராமத்துக்கு வந்தோம். முனை திரும்பியதும் டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். ரத்தம் நின்றுவிடும் போலப் பிடித்தார்.

கலெக்டர் வந்தால் ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்திருந்தார்கள். சாலையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் கோடு. நூறு நாள் வேலை ஆட்களை இறக்கி, ஜேசிபி வைத்து, ஏரிக்கரைப் புதர் மொத்தத்தையும் வழித்து எடுத்துவிட்டார்கள். வளைகளில் புகை போட்டு, ஒரு எலி பாக்கியில்லை. கறுப்பு டைல்ஸைக் கழுவி, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் விருந்தாளிகள் செருப்பு விடப் பரப்பி வைத்திருந்தார்கள்.

சரி, ஆட்களாவது பேசுவார்கள் என்று கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். பட்டுப்புடவையில் வந்தாள். டெல்லி அம்மாள் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்: "இங்க காய்ச்சல் வருதா?"

"காச்சலா? எங்க ஊர்லயா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "டாக்டரம்மா கால் வச்ச நாளா ஒரு தும்மல் கெடையாது. எல்லாரும் கல்லு மாதிரி கீறோம்."

"ஏய், உனக்கு வந்துச்சே, நாடாவாண்ட..."

"சீ! வெள்ளக்காரன் மின்னாடி இன்னா பேச்சு பேசற? டாக்டரம்மா மானத்த வாங்கறியா?"

ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் அதையே சொன்னார்கள். காய்ச்சல் என்று சொன்னால் டாக்டரம்மா சரியாக வேலை பார்க்கவில்லை என்று ஆகிவிடுமாம். கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். டாக்டரம்மா தன் போட்டோக்களையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் காட்டிப் பார்த்தார். விருந்தாளிகளோ, மழித்த கரையையும் பட்டுப்புடவைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார் கிளம்பியதும் தலைவர் நெஞ்சை நிமிர்த்தி வந்தார். "எப்டிம்மா? அசத்திட்டோம்ல?"

அந்த ஆளைக் கடித்துவிடலாம் என்று இருந்தது எனக்கு. டாக்டரம்மா என் கையை அழுத்தினார். "ரொம்ப அழகா இருக்கு தலைவரே" என்றார். கொடுத்த பஜ்ஜியை முழுசாகச் சாப்பிட்டார்.

பதில் மின்னஞ்சலில் வந்தது. அந்த இடத்தில் இந்த ஆய்வுக்கான தேவை போதுமான அளவு தெரியவில்லையாம். ஒரு அரை நாள் வந்து பஜ்ஜி தின்றவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவு. ஒரு நல்ல டாக்டரின் அடுத்த ஐந்து வருஷத்தை ஜேசிபி ஓட்டிய தடத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விஷயத்தைத் தலைவரிடம் சொன்னது நான்தான், அதுவும் கத்தித்தான் சொன்னேன். டாக்டரம்மா கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு ஊரே வந்திருந்தது. கன்னியம்மா சுண்டைக்காய் வற்றலும் அரிசியும் மூட்டை கட்டி வந்திருந்தாள். தலைவர் கடைசியாக முன்னால் வந்து, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார்:

"போவாதம்மா. அடுத்த தபா வரச் சொல்லு. ஊரையே நாறடிச்சி வைக்கிறோம். எல்லாரையும் படுத்துக்கினு இருக்கச் சொல்றேன்."

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இப்போது அவர் ஆப்பிரிக்காவில், வேறொருவர் வாங்கிய நிதியில், வேறொரு நோயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இங்கே ஒரு கிளினிக்கில் ஊசி போடுகிறேன். மழை விட்டால் காய்ச்சல்காரர்கள் வருகிறார்கள். பெண்களைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் டாக்டரிடம் சண்டை போட்டு மாத்திரை எழுத வைக்கிறேன். புதர் பழையபடி வளர்ந்துவிட்டது.

ஆரம்பநிலை ஆய்வாளர்களுக்கு நிதி என்று எங்கே அறிவிப்பு வந்தாலும் அவருக்கு அனுப்புகிறேன். தகுதி எப்போதோ முடிந்துவிட்டது என்று அவரும் ஒவ்வொரு முறையும் பதில் போடுகிறார். எனக்கும் அது தெரியும். அந்தப் பதிலுக்காகத்தான் அனுப்புகிறேன்.