மாமனார் தலையில் மாப்பிள்ளைத் தலைப்பாகை

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு காலை.

அன்புத் தங்கை ஜெயமாலாவுக்கு,

அண்ணன் சபாபதி எழுதுவது. ஸ்பெயினில் மகள் ஜனகாவின் கல்யாணத்தை முடித்துக்கொண்டு நானும் உன் அண்ணி புஷ்பவல்லியும் கை கால் குறையாமல் வீடு வந்து சேர்ந்தோம். கிள்ளானில் உன் சுகத்தையும் உன் வீட்டுக்காரர் கனகலிங்கத்தின் இரத்த அழுத்தத்தையும் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். பாஸ்போர்ட் காலாவதியாகி வர முடியவில்லையே என்று நீ அழுதாயாம். அழாதே. நடந்ததைக் கேட்டால் அந்தப் பாஸ்போர்ட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பாய்.

லண்டன் வரை ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து மயோர்க்கா தீவுக்கு, கடற்கரையில் வெயில் காயப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஒரு மலிவு விமானம். “சீப் லா அண்ணே, கண்ண மூடித் தொறந்தா எறங்கிருவீங்க” என்று போனில் சொன்னது யார்? நீதான். கண்ணை மூடுவதற்கு முன்னால் பையை அளக்க ஒரு இரும்புக் கூடு இருக்கிறது என்று சொன்னாயா? ஆளுக்கு ஒரு சின்னப் பை, அதுவும் அந்தக் கூட்டுக்குள் இறங்க வேண்டுமாம். எங்கள் பையில் ஜனகாவின் கூறைப்புடவையும், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய மாப்பிள்ளைத் தலைப்பாகையும் இருந்தன. பை மூன்று விரல் அகலம் வெளியே நின்றது. நில அளவை இலாகாவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் சும்மா விடுவேனா? டேப்பை எடுத்துக் கூட்டையே அளந்து, உங்கள் கூடு ஒரு பக்கம் வளைந்திருக்கிறது என்று அங்கே நின்ற பெண்ணுக்கு விளக்கினேன். அவள் சிரித்தபடி, பையை விமானத்தின் அடியில் போடலாம், ஆனால் இதில் வருமா அடுத்ததில் வருமா என்று சொல்ல முடியாது என்றாள். முகூர்த்தமோ மறுநாள் காலை ஒன்பதுக்கு! எனக்கு வியர்த்துவிட்டது. அதைப் பார்த்து இரங்கினாளோ என்னவோ, உடம்பில் போட்டிருப்பது கணக்கில் வராது என்று மெல்லச் சொன்னாள்.

“கூறைய நான் மேல சுத்திக்கிறேன். தலப்பாவ நீங்க போடுங்க” என்றாள் உன் அண்ணி.

“மாப்பிள்ளைக்கு வாங்குனத மாமனார் போட்டா நல்லாவா இருக்கும்?”

“கூறை இல்லாம பொண்ணு மணவறையில உக்காந்தா நல்லாருக்குமா? போடுங்க லா!”

போட்டேன். அவளுக்கு நாலாவது வரிசை, எனக்கு இருபத்தேழு. வைக்கோல் தொப்பிக்காரர்கள் நடுவே ஜரிகைத் தலைப்பாகையோடு நடந்து போய் உட்கார்ந்தால் ஒலிபெருக்கியில் அறிவிப்பு: இன்று நம்மோடு ஒரு கல்யாண ஜோடி பயணம் செய்கிறது! யாரடா அது என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். விமானமே என்னைப் பார்த்துக் கைதட்டுகிறது. பதறி எழுந்து, “நோ, நோ, வெட்டிங் டுமாரோ!” என்றேன். கைதட்டல் இரண்டு மடங்காகிவிட்டது. மாப்பிள்ளையைப் பிரித்து வைப்பதா என்று ஒருவர் தன் இடத்தையே கொடுத்து, என்னைத் தள்ளிக்கொண்டு போய் உன் அண்ணி பக்கத்தில் உட்கார வைத்தார்.

“நீயாச்சும் சொல்லக் கூடாதா?” என்று கோபித்தேன்.

கூறைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தவள், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “நம்ம கல்யாணத்துல அரிக்குதுன்னு அஞ்சு நிமிஷத்துல கழட்டிட்டீங்க. ஒரு போட்டோவுலகூட தலப்பா இல்ல. இன்னிக்கு எறங்குற வரைக்கும் போட்டிருங்களேன்.”

முப்பத்தெட்டு வருடமாக மனசில் வைத்திருந்திருக்கிறாள், ஜெயமாலா. இதுவும் அரித்தது. கழற்றவில்லை. யாரோ எங்களைப் படம் பிடித்துக் கொடுத்தார்கள். அது இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறது.

மறுநாள் ஒன்பதுக்குத் தாலி ஏறியது. என் தலைக்கு விரிந்துபோன தலைப்பாகை மாப்பிள்ளை ஹாவியருக்குக் காது வரை இறங்கியது. அதுதான் எங்கள் வழக்கம் என்று நினைத்துப் பாவம், பேசாமல் இருந்தார்.

ஆகவே தங்கச்சி, எவ்வளவு சீப்பாக இருந்தாலும் அந்த விமானத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதே. இது அண்ணனின் கட்டளை. உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் சேரட்டும்.

உன் அண்ணன்,
சபாபதி

பி.கு.: ஜூன் மாதம் அதே விமானத்தில் நான்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நீயும் கனகலிங்கமும் வருகிறீர்கள். நாளைக்கே போய்ப் பாஸ்போர்ட்டைப் புதுப்பி. உன் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் உன் ஐடியா என்று சொல்லிவிடு.