விசாரிக்காமல் விளம்பரம் கிடையாது

விளம்பரம் கொடுக்க வந்தவனிடம், "உங்க அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்ட ஒரே பிளாக் எழுத்தாளர் இந்த உலகத்தில் எங்கள் என்கொயரி மாமாவாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது கேட்டிருந்தால் சொல்லுங்கள், இந்தப் பட்டத்தைத் திரும்ப வாங்கி அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் மாமா லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார். முதலில் அந்த ஆள் எப்படி என்று விசாரிப்பார்.

அப்போது நான் அண்ணாமலை நகரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கேபின், அதில் ஒன்றில் ஃபேன் ஓடாது. மாமா திருப்பாதிரிப்புலியூர்க்காரர், ஒரு மசாலா கம்பெனிக்கு ரெப். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற மளிகைக் கடைகளில் எல்லாம் ஏறி இறங்குகிற வேலை. வெளிச் சாப்பாடு சாப்பிட்டுச் சாப்பிட்டு, எங்கே சாப்பிடலாம், எந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது என்று ஊருக்குச் சொல்ல இணையத்தில் ஒரு பிளாக் ஆரம்பித்தார். சாயங்காலம் கடலூர் பஸ் பிடிப்பதற்கு முன்னால் என் கடையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் டைப் அடிப்பார். ஒரு பொங்கலைப் பற்றி எழுதி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு முறை பசித்துவிடும்.

ஹாஸ்டல் பையன்கள் அதை மந்திரம் மாதிரி நம்பினார்கள். மாமா சரியில்லை என்று எழுதிய மெஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கூட்டம் சேரவே, தானாக வந்து உட்காரும் விளம்பரங்களைப் பற்றி நான் சொன்னேன். ஒரு நிரலை ஒட்டினால் போதும், கம்ப்யூட்டரே பார்த்துப் போட்டுவிடும் என்றேன். அவரும் சரி என்றார்.

மறுநாள், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ் ஒன்றை அவர் வாயாரப் புகழ்ந்திருந்த பதிவுக்கு நேர் கீழே எலி மருந்து விளம்பரம் வந்து உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் மாமா வந்து உட்கார்ந்ததுமே மெஸ்காரர் என் கடைக்கே வந்துவிட்டார்.

"என் மெஸ்ஸுல எங்கய்யா எலி பாத்த?"

"நான் போடலங்க, அதுவா வந்துடுச்சு" என்றார் மாமா.

"எலியும் அப்படித்தான்யா சொல்லும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்றோடு அந்த நிரலைப் பிடுங்கி எறிந்தாயிற்று. "யார கேட்டு உள்ள வந்தான், தம்பி? வீட்டுக்குள்ள ஒருத்தன விடுறதுன்னா நாலு பேர விசாரிக்க வேணாமா?" என்று மாமா பஸ் ஏறுகிற வரைக்கும் புலம்பினார். பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை தெருவுக்குப் போய், எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, பையன் எப்படி என்று நைசாகக் கேட்பார்கள் அல்லவா, இனி விளம்பரத்துக்கும் அதே முறைதான் என்று சட்டம் போட்டார். என்கொயரி என்ற பேர் நிலைத்தது அப்போதுதான்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹோட்டல் முதலாளி பேனர் விளம்பரம் கேட்டு ஆள் அனுப்பினார். மாமா எதிர்க் கடையில் போய் உட்கார்ந்து டீயாகக் குடித்துவிட்டு வந்தார்.

"ஆவாது, தம்பி. மொதலாளி மூணு வேளையும் வீட்டுக்குப் போயிதான் சாப்புடுறாரு."

"வீடு பக்கத்துல இருக்கும், மாமா."

"ஹோட்டல் அத விட பக்கத்துல இருக்கே."

வெளிநாட்டிலிருந்து ஹோட்டல் ரூம் புக் பண்ணும் கம்பெனி ஒன்று இங்கிலீஷில் மெயில் அனுப்பியது. பதிலை மாமா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், உங்கள் தெருவில் எங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா. குப்பையில் போடுவார்கள் என்று நினைத்தேன். எழுதினவன் யாரோ நல்ல பிள்ளை போலிருக்கிறது. அப்பா பேக்கரி வைத்திருக்கிறார், தெருவில் உங்களுக்குத் தெரிந்தவர் இருப்பார்கள் என்று தோன்றவில்லை, மன்னிக்கவும் என்று பதில் போட்டான். மாமா வெகுநேரம் யோசித்தார். "பேக்கரி குடும்பம். நல்ல எடந்தான். ஆனா யார போயி விசாரிக்கிறது?" என்று மனசில்லாமல் அதையும் தட்டிக்கழித்தார்.

என் பிரவுசிங் சென்டருக்கு ஒரு சின்ன விளம்பரம் போடச் சொல்லி நானும் கேட்டுப் பார்த்தேன். அந்த ஃபேனைக் காட்டி மறுத்துவிட்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம், அவர் தங்கை வசந்தாக்கா அண்ணாமலை நகர் ரயில்வே கேட் பக்கம் மெஸ் திறக்கிற வரைக்கும். அக்காவின் கதை ஊருக்கே தெரியும். பேப்பரில் வந்த மணமகள் தேவை விளம்பரத்தைப் பார்த்து முடித்த கல்யாணம். பேப்பரிலேயே போட்டிருக்கிறான், பொய்யா சொல்லப்போகிறான் என்று அவர்கள் அப்பா யாரையும் விசாரிக்கவில்லை. மாமாவும் அப்போது ஒன்றும் பேசவில்லை. அந்த மாப்பிள்ளைக்கு வேலையும் இல்லை, அது முதல் கல்யாணமும் இல்லை. அக்கா அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்.

வாழ்க்கையில் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று அந்த மெஸ்ஸைத் தொடங்கினார். கையில் இருந்தது, காதில் இருந்தது எல்லாம் அதில் போயிற்று. பையன்கள் எட்டிப் பார்க்கவில்லை. மாமாவின் பிளாக்கில் அந்தப் பேர் இல்லையே. பொங்கலுக்குள் கூட்டம் சேராவிட்டால் இடத்தை ஜெராக்ஸ் கடைக்கு விட்டுவிடுவேன் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். அக்கா அண்ணனிடம் விளம்பரம் கேட்டார்.

மாமா எதிர் டீக்கடைக்கு விசாரிக்கப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"அந்த மெஸ்ஸு எப்படிங்க?"

டீ மாஸ்டருக்கு இவரைத் தெரியாது. "சுத்தமான அம்மா, சார். பாவம், கூட்டந்தான் இல்ல. அதுக்கு ஒரு அண்ணன்காரன் இருக்கானாம், பிளாக்கோ என்னவோ எழுதுறானாம். ஊரு மெஸ்ஸுக்கெல்லாம் எழுதுவானாம், கூடப்பொறந்தவளுக்கு எழுத மாட்டானாம். அவன்லாம் ஒரு ஆளா, சார்?"

மாமா டீயை ஒரு வாய் குடித்தார். "அண்ணன பத்தி வேணாங்க. சாம்பாரு எப்படி?"

பல நாள் விசாரித்தார். விளம்பரம் மட்டும் வரவில்லை. மார்கழியில் ஒரு சாயங்காலம் வசந்தாக்கா நேராக என் கடைக்கே வந்துவிட்டார்.

"எனக்கு எழுதுனா என்ன ஆயிடும் உனக்கு?"

"தங்கச்சிக்கு எழுதுறான்னு சொல்லுவாங்க. அப்புறம் எதையும் நம்ப மாட்டாங்க."

அக்கா சத்தம் போடவில்லை. "அன்னிக்கு யாரும் விசாரிக்காம என்னைக் கட்டிக் குடுத்தீங்க. இன்னிக்கு நீ விசாரிச்சிக்கிட்டே இருக்க. ரெண்டுத்துலயும் நான்தானண்ணா நிக்கிறேன்."

அவர் போன பிறகு மாமா கேபினை விட்டு எழுந்திருக்கவில்லை. கடலூர் பஸ் போயிற்று, அடுத்த பஸ்ஸும் போயிற்று. அந்த ஒற்றை விரல் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. பிளாக்கின் உச்சியில் அவருடைய முதல் விளம்பரம் வந்தது:

"விளம்பரம். இது என் தங்கை நடத்தும் மெஸ். ஆகவே நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். வெள்ளிக்கிழமை சாம்பார் தண்ணீராக இருக்கிறது, சொல்லியிருக்கிறேன். ரசம் நன்றாக இருக்கிறது. காய்ந்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்ற மாட்டாள். இன்னொரு முறை சாதம் கேட்டால் முகம் சுளிக்க மாட்டாள். மீதிப் பாதியை எதிர் டீக்கடையில் விசாரித்துக்கொள்ளவும்."

இப்படியும் ஒரு விளம்பரமா என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அக்காவோ கோபமாக இருந்தார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, சாம்பார் அப்படி எவ்வளவுதான் தண்ணீராக இருக்கும் என்று பார்க்கவே ஒரு கும்பல் போயிற்று. போனவர்கள் ரசத்துக்காக மறுநாளும் போனார்கள். டீக்கடைக்காரருக்கு விசாரணைக்குப் பதில் சொல்வதே பெரிய வியாபாரமாகிவிட்டது. பொங்கலுக்கு அக்கா மெஸ் வாசலில் கோலம் போட்டார். ஜெராக்ஸ் கடை வேறு இடம் பார்த்துக்கொண்டது. கொஞ்ச நாளில் மாமா விளம்பரத்தைத் திருத்தினார்: "சாம்பார் இப்போது தேறிவிட்டது."

பிறகு எல்லோர் கையிலும் போனிலேயே நெட் வந்துவிட்டது. என் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மூடிவிடலாமா என்று யோசித்தபடி ஒரு காலையில் மாமாவின் பிளாக்கைத் திறந்தால், அக்கா மெஸ்ஸுக்குக் கீழே இன்னொரு விளம்பரம். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

"பிரவுசிங் சென்டர். ஒரு கேபினில் ஃபேன் ஓடாது, இனியும் ஓடும் என்று தோன்றவில்லை. நடத்துகிற பையனை இத்தனை வருஷமாக விசாரித்துவிட்டேன். நம்பிப் போகலாம்."

அதைப் பார்த்துவிட்டு ஒருவர்கூட வரவில்லை. கடையை மூடுகிற வரைக்கும் தினமும் காலையில் அதை ஒரு தரம் படித்துவிட்டுத்தான் நான் ஷட்டரை முழுசாகத் தூக்குவேன்.