போர்ட் பிளேர் விமானத்தைப் பார்க்கும் மூன்று பேர்

துர்கை அன்னை துணை

நைஹாட்டி,
பாத்ரோ மாதம் 11, புதன்கிழமை.

அன்புள்ள சகலை நிருபம் சர்க்கேலுக்கு, அமியகுமார் பௌமிக் ஆசி கூறி எழுதும் கடிதம். உனக்கும் என் மைத்துனி ஸ்வப்னாவுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். சிலிகுரியில் மழை விட்டதா? ஸ்வப்னாவின் பல் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம், என் ரத்தக் கொதிப்பு ஒன்றைத் தவிர. அதற்குக் காரணம் நீ என்பதால் அந்த விவரம் கீழே வருகிறது. இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்று நினைப்பாய். போனில் பேசுவதை யார் யார் கேட்கிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஒட்டிய உறைக்குள் போகும் கடிதம்தான் பத்திரம். படித்து முடித்ததும் ஸ்வப்னாவிடம் கொடுக்காதே.

போன வருஷம் அந்தமான் போய்விட்டு வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பதினோரு லூச்சி சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்னாய்: "அமியதா, ஆளுக்கு நாலாயிரத்து இருநூறுதான்! ரெண்டு மணி நேரம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போர்ட் பிளேர்! உங்க ரயிலையெல்லாம் தூக்கிக் கடல்ல போடுங்க!" ரயிலைப் பற்றிச் சொன்னதை நான் அன்றே மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த நாலாயிரத்து இருநூறு இருக்கிறதே, அது போக மட்டுமா, போக வரவா? வரியோடா, வரி இல்லாமலா? உட்கார்ந்து போனாயா, நின்றுகொண்டு போனாயா? நான் ஏன் கேட்கிறேன் என்றால், நான்கு மாதமாகத் தேடுகிறேன், அந்த விலை இந்த பூமியில் எங்கேயும் இல்லை. ஒன்று உலகம் பொய் சொல்கிறது, அல்லது நீ சொல்கிறாய். உலகம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. உன்னை முப்பது வருஷமாகத் தெரியும்.

அந்தமானுக்கு எதற்கு என்று கேட்பாய். நான்கு மாதத்துக்கு முன்னால், பொய்ஷாக்கில் ஒரு நாள் மதியம், மகள் தோயெலும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தபோது, இந்த பூஜை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று ஷிப்ராவிடம் கேட்டேன். வழக்கமாக நான் கேட்பேன், நானே பூரி ஜகந்நாதர் என்று பதிலும் சொல்வேன், அவள் பெட்டியை எடுத்து வைப்பாள். இந்தத் தடவை நான் பதில் சொல்வதற்குள், மீனில் முள் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல், "உங்க ரயில் போகாத ஊருக்கு" என்றாள். "ரயில் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றேன். "ஒரு பாவமும் பண்ணலை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க ரயில்வே பாஸ் எங்க போச்சோ அங்க நானும் போனேன். பூரி பதினோரு தடவை. ஒரு தடவையாவது அது வர முடியாத இடத்துக்குப் போறேனே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். நான்தான் தட்டைத் தள்ளி வைத்தேன். உடனே அறிவித்தேன்: "அந்தமான். நீ, நான், தோயெல், மாப்பிள்ளை, நாலு பேர். ஆனா டிக்கெட்டை யாரும் தொடக் கூடாது. முப்பத்திநாலு வருஷம் டிக்கெட் கொடுத்தவன் நான்." மாப்பிள்ளை தேபாஞ்சன் இருமினான். அவன் இருமல் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான்.

நான் கவுண்டரில் இருந்தபோது என் முன்னால் ஒரு கட்டண அட்டவணை இருந்தது. இத்தனை கிலோமீட்டர், இவ்வளவு ரூபாய். ராஜா வந்தாலும் அதுதான், ராஜாவின் சமையல்காரன் வந்தாலும் அதுதான். ஒருவன் விலை கேட்டுவிட்டுப் பான் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால், "இப்ப ஐநூறு கூடிப் போச்சு" என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நைஹாட்டி ஜனங்கள் என்னைக் கம்பிக்கு வெளியே இழுத்திருப்பார்கள். ஆனால் தோயெலின் பழைய மடிக்கணினியில் முதல் நாள் பார்த்தபோது ஐயாயிரத்து அறுநூறு. அவசரப்படக் கூடாது என்று எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். ஆறாயிரத்து நூற்றைம்பது. ஒரு டீக்கு ஐநூற்றைம்பது ரூபாய், நிருபம்! அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் அதைப் பார்க்கும்போது அது என்னைப் பார்க்கிறது.

சரி, நானும் சந்தையில் மீன் வாங்கி வளர்ந்தவன். ஹில்சா வேண்டுமென்றால் ஹில்சாவைப் பார்க்கவே கூடாது. முதலில் ரோகு என்ன விலை, கெண்டை என்ன விலை என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் "அது கிடக்கே, அது எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். அதே மாதிரி மறுநாள் பாட்னா விலை கேட்டேன், ராஞ்சி கேட்டேன், அக்கறையாகக் கௌஹாத்தி கேட்டேன், பிறகு அலுத்துப்போன முகத்தோடு போர்ட் பிளேர். ஆறாயிரத்து எழுநூறு. அதற்குமேல் ஒரு மாதத்துக்கு தினமும் ஒரு பாட்னா விளம்பரம் வேறு வந்துகொண்டிருந்தது. பாட்னாவில் எனக்கு யாரும் இல்லை என்று அதற்கு எப்படிச் சொல்வது?

பிறகு ஒரு நாள் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கிடைத்தது. சத்தம் போட்டு ஷிப்ராவைக் கூப்பிடப் போனவன், கூப்பிடாமல் முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். விடிவதற்கு முன்னால் கிளம்பும். நடுவில் இறங்கி வேறு ஊரில் ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும். பெட்டி ஏழு கிலோ. நம் வீட்டுப் பொரியும் ஷிப்ராவின் மருந்துமே ஏழு கிலோ. சீட் தேர்ந்தெடுக்கத் தனிக் காசு. "அப்போ அந்த மூவாயிரத்துச் சொச்சம் எதுக்கு?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அது விமானத்துக்குள்ள வர்றதுக்கு, பாபா" என்றான், மரியாதையாகத்தான். ஆனால் சொல்லிவிட்டு மறுபடி இருமினான்.

ஸ்டேஷன் பக்கத்தில் புலக் நந்தி என்றொருவன் டிராவல்ஸ் கடை வைத்திருக்கிறான். போய் உட்கார்ந்ததுமே டீ வரவழைத்தான், ஏலக்காய் போட்டது. கேட்காமல் ஏலக்காய் போடுகிறவனை நான் நம்புவதில்லை. "ஏழாயிரத்து இருநூறு, ஜேட்டு" என்றான், நான் என்னவோ அவன் அப்பாவின் அண்ணன் மாதிரி.

"கட்டண அட்டவணை எங்கேப்பா?" என்றேன்.

"அதெல்லாம் கிடையாது ஜேட்டு. இது மீன் வியாபாரம் மாதிரி. காலைல ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை."

"சாயங்காலம் மீன் விலை இறங்கும். இது ஏறுதே!"

"அது செத்த மீன், ஜேட்டு. இது பறக்கிற மீன்."

அவனுக்கே அது பிடித்துப்போய் இன்னொரு தடவை சொன்னான். நான் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மீதி டீயையும் டிக்கெட் விலையில் சேர்த்துவிடுவான் என்ற பயம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை தோயெலும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் நான் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறேன், விலைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி: இந்த விமானத்தை இப்போது இன்னும் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யார் அந்த மூன்று பேர்? இந்தியாவில் இவ்வளவு விமானம் இருக்க, ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கு, என்னுடைய விமானத்தை எதற்காகப் பார்க்கிறார்கள்? முதல் சந்தேகம் கீழ்வீட்டு ஹால்தார் மேல். நேராகப் போய், "என்ன ஹால்தார் பாபு, கடல் காத்து வாங்கலாம்னு யோசனையா?" என்று சாதாரணமாகக் கேட்டேன். அவர் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "முட்டி மடங்க மாட்டேங்குது, கக்கூஸ் போறதே பெரிய பிரயாணமா இருக்கு. நீங்க கடலைப் பத்திப் பேசறீங்க" என்றார். சரி, இவர் இல்லை என்று படியேறி வந்தால், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஷிப்ரா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முந்தானைக்குள் போய்விட்டது போன். நான் கையை நீட்டினேன். கொடுத்தாள். அதில் கொல்கத்தா, போர்ட் பிளேர், அதே தேதி, அதே விமானம்! கூடத்துக்கு ஓடினேன். தோயெல் போனிலும் அதே. மாப்பிள்ளை போனை வாங்கவே தேவையில்லை, அவன் இரும ஆரம்பித்துவிட்டான்.

"அடப்பாவிங்களா! நாம நாலு பேரே நமக்கு நாமே விலையை ஏத்திட்டிருக்கோம்!" என்று கத்தினேன். "நாலு மாசமா எவன்டா அந்த எதிரின்னு தேடறேன், எதிரி என் சோத்தைத் தின்னுட்டு என் கூடத்துலயே உட்கார்ந்திருக்கான்!"

"சும்மாதான் பாத்தோம், பாபா" என்றாள் தோயெல்.

"விலை பாக்கறதுல சும்மான்னு ஒண்ணு கிடையாது!" என்று மூன்று போன்களையும் வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். அன்று சாயங்காலம் விலை எட்டாயிரத்து நூறு.

ஆகவே அன்று ராத்திரியே முடிவெடுத்துவிட்டேன். நான்கு பேருக்கு அந்த விலை கொடுத்துப் போனால் அந்தமானில் தேங்காய்த் தண்ணி குடிக்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். இந்த வருஷமும் பூரிதான், ரயில்தான். இதை ஷிப்ராவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வாயைத் திறக்காமல் திரிந்தேன், நிருபம். இவ்வளவு வருஷத்தில் வாய் திறந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. எத்தனையோ பேருக்கு எங்கெங்கேயோ போகச் சீட்டுக் கொடுத்த கையால் அவளுக்கு ஒன்று வாங்கித் தர முடியவில்லை. கடைசியில் நேற்று ராத்திரி, அவள் பருப்பு ஊறவைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். நான்கு நாள் பேச மாட்டாள் என்று நினைத்தேன். "சரி, பூரியே போகலாம்" என்று சொல்லிவிட்டு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பருப்பைக் கழுவினாள். இது எனக்குப் பிடிக்கவே இல்லை. பூரி என்றதும் அவள் ஒரு தடவைகூட இப்படிப் பாடிக்கொண்டே சம்மதித்தது கிடையாது. போதாக்குறைக்கு, இன்று காலை கடைக்குப் போய் ஒரு கறுப்புக் கண்ணாடியும் ரப்பர் செருப்பும் வாங்கி வந்திருக்கிறாள். "எதுக்கு?" என்றால், "பூரியில வெயில் ஜாஸ்தி" என்கிறாள். பதினோரு தடவையும் இல்லாத வெயில்! ஸ்வப்னா வேறு தினமும் போன் செய்கிறாள். நான் பக்கத்தில் போனால் இரண்டு பேரும் உடனே உருளைக்கிழங்கு விலை பேசுகிறார்கள். ஏதோ ஒரு சதி நடக்கிறது. எழுதி வைத்துக்கொள்.

இதற்கெல்லாம் மூலம் நீ சொன்ன அந்த விலை. நீ யோக்கியனாக இருந்தால், உன் பழைய டிக்கெட்டின் அசலைப் பதிவுத் தபாலில் அனுப்பு. அசல் இல்லையென்றால் நகல், ஒரு தலைமையாசிரியர் கையெழுத்தோடு. அது வரும்வரை உன்னை நான் சகலையாக மட்டும் மதிக்கிறேன், சாட்சியாக மதிக்கவில்லை.

ஸ்வப்னாவுக்கு என் ஆசிகள். பல் வலிக்குக் கிராம்பு வைக்கச் சொல். துர்கை அன்னை உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், உனக்குக் குறிப்பாக உண்மை பேசும் நாக்கும் தரட்டும்.

இப்படிக்கு,
நலம் நாடும்
அமியதா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடி ஷிப்ராவின் அலமாரியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் ஒரு காகிதம். பௌமிக் அமியகுமார், பௌமிக் ஷிப்ரா, தோயெல், தேபாஞ்சன், நான்கு பெயர். கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேர், பூஜை விடுமுறைக்கு, ஆளுக்கு மூவாயிரத்து எண்ணூற்று எழுபது. பெட்டி பதினைந்து கிலோ. வாங்கிய தேதி ஜொய்ஷ்டோ மாதம் மூன்று, அதாவது நான் தேட ஆரம்பித்த மறு மாதமே. வாங்கிக் கொடுத்தவர் பெயர் நிருபம் சர்க்கேல். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். ஷிப்ரா வந்து நின்றாள். "ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றேன். "சொல்லியிருந்தா நீங்க அதை ரத்து பண்ணிட்டு, இன்னும் நாப்பது ரூபா குறையுமான்னு பாத்திருப்பீங்க" என்றாள். "அப்போ தினமும் போன்ல மூணு பேரும் எதைப் பாத்தீங்க?" என்றேன். "நாம வாங்கினதுக்கு மேல எவ்வளவு ஏறியிருக்குன்னு. பாத்துப் பாத்து சந்தோஷப்பட்டுக்குவோம்" என்று சொல்லிவிட்டு, கறுப்புக் கண்ணாடியை எடுத்து வந்து எனக்கு முன்னாலேயே போட்டுக்காட்டினாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே மேலே உள்ள எல்லாவற்றையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். எழுதிய தாள் வீணாகக் கூடாதே என்றுதான் அனுப்புகிறேன். ஆனால் சதி நடக்கிறது என்று சொன்னேனே, நடந்ததா இல்லையா? இன்னும் ஒரே ஒரு சந்தேகம். போகிற சீட்டில் நான்கு பெயரையும் கண்ணால் பார்த்தேன். வருகிற சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, "அதை அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி பாட ஆரம்பித்துவிட்டாள். நீதானே வாங்கினாய்? அதில் என் பெயர் இருக்கிறதா என்று மட்டும் மறு தபாலில் எழுது.