ஸ்டெப்னியின் அப்பா பெயரில் ஒரு டிக்கெட்

அமெரிக்கத் தமிழர்களிலேயே, ஏழு இடத்தில் நிற்கத் தெரிந்தும் ஓர் இடம்கூடச் சொந்தமாகக் கிடைக்காத ஒரே ஆள் எங்கள் ஸ்டெப்னிதான். எங்கள் நியூ ஜெர்சி எடிசன் ஊரில் எந்த மளிகைக் கடை வாசலிலும் நின்று இதைச் சத்தமாகச் சொல்வேன்.

அவன் பேஸ்பால் ஆட்டக்காரன். பொழுதுபோக்குக்கு அல்ல, பிழைப்பே அதுதான். டெக்சாஸில் பிறந்த தமிழ்ப் பையன். நியூ ஜெர்சியில் ஒரு சின்ன லீக் அணியில் இடம் கிடைத்ததும் என் அபார்ட்மென்ட்டில் காலியாக இருந்த அறைக்கு வந்து சேர்ந்தான். அந்த ஆட்டத்தில் மைதானத்தில் ஒன்பது பேர். பந்து எறிபவர், பின்னால் குந்தியிருந்து பிடிப்பவர் தவிர மற்ற ஏழு பேருக்கும் இவன் மாற்று. ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவன் மனைவிக்குப் பிரசவம் என்றால் இறங்குவான். மற்ற நாளெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். ஸ்டெப்னி என்று பெயர் வைத்தது நான்தான். அர்த்தம் கேட்டான். "அது இல்லாம எவனும் காரை எடுத்துட்டு லாங் ட்ரிப் போகமாட்டான்டா" என்றேன். ரொம்பச் சந்தோஷப்பட்டான்.

கடையில் பார்த்த சேலத்து ஆன்ட்டி ஒருவர் அவனை மடக்கினார்.

"எந்தக் கம்பெனி தம்பி?"

"பேஸ்பால் ஆடறேன் ஆன்ட்டி."

"அது வீக்கெண்ட்ல. மத்த நாள்ல?"

"அப்பவும் அதான் ஆன்ட்டி."

ஆன்ட்டி என் பக்கம் திரும்பி, "ரெஸ்யூமே அனுப்பச் சொல்லுப்பா, எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுக்கறேன்" என்றார்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தோல் கையுறை வேண்டுமாம். புதியதைப் பழக்க, உள்ளே பந்தை வைத்துக் கட்டி, என் பொன்னி அரிசி மூட்டைக்கு அடியில் செருகிவிடுவான். ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சாதத்தில் செருப்புக் கடை வாசனை அடித்தது.

ஹூஸ்டனில் டாக்டராக இருக்கும் அவன் அப்பா வாரம் ஒருமுறை ஃபோன் செய்வார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசுவான்.

"இன்னைக்கு ஆடுனியா?"

"இல்லப்பா. ரெடியா இருந்தேன்."

"ரெடியா இருக்கறதெல்லாம் ஒரு வேலையாடா?"

"ஒரு தடவை வந்து பாருங்கப்பா."

"உனக்குன்னு ஒரு இடம் கிடைக்கட்டும். அப்ப வரேன்."

ஃபோனை வைத்ததும் ஒரு கையுறையை எடுத்து எண்ணெய் தடவ உட்கார்ந்துவிடுவான்.

ஒரு ஞாயிறு மதியம் கையுறையை மூட்டைக்கடியில் மறந்துவிட்டுப் போய்விட்டான். எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன். டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண்ணிடம் அவன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "கடைசியில் வந்துவிட்டீர்களா? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உங்கள் பெயரில் டிக்கெட் உறை வைக்கிறான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு டிக்கெட்டை நீட்டினாள். அதில் அவன் அப்பா பெயர். அவனைவிட எனக்கு ஒன்பது வயதுதான் கூடுதல். முடி கொட்டி ஏறிப்போன என் முன்நெற்றி அவளைச் சந்தேகப்பட விடவில்லை. கையுறையை உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு, வெட்கமில்லாமல் போய் உட்கார்ந்தேன்.

கடைசிச் சுற்றில் வலது கோடியில் நின்றவனுக்குக் கால் பிசகியது. ஸ்டெப்னி இறங்கினான். இறங்கியதும் என் இருக்கையைப் பார்த்தான். எதிர்வெயில். கண்ணுக்கு மேல் கையை வைத்து இன்னொரு முறை பார்த்தான். அப்புறம் அவன் நின்ற நிலையே மாறிவிட்டது. தூரத்தில் விழவேண்டிய பந்து ஒன்றை ஓடி, பாய்ந்து, புல்லில் உருண்டு பிடித்தான். எழுந்து என்னை நோக்கித் தொப்பியைக் கழற்றினான். நானும் மடையன் மாதிரி கைதட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் வேலியருகே ஓடிவந்தான். பாதி வழியிலேயே நடை தளர்ந்தது.

"அண்ணா... நீங்களா?"

"க்ளவ் கொண்டுவந்தேன்டா."

"அப்பான்னு நினைச்சேன்."

"அவருக்கு டியூட்டி இருந்திருக்கும்."

"ஆமா. டியூட்டி இருக்கும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அழுதிருக்கலாம்.

அடுத்த ஆட்டத்துக்கு ஜன்னலில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்று அப்பா பெயரில், ஒன்று என் பெயரில். பேஸ்பால் எனக்கு இன்றுவரை புரியாது. ஆனாலும் அந்தப் பையனைத் தனியாக விட மனசு வரவில்லை. சீசன் முடியும்வரை அந்த மைதானத்தில் ஓர் ஆட்டத்தையும் நான் விடவில்லை. பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருந்தது. அதில் என் பையைக்கூட வைத்ததில்லை.