இனிப்பு வேண்டாத வம்சம்

மூணாங் கிளாஸோடு படிப்புக்கு முழுக்குப் போட்ட நான், காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முதலில் டீக்கடை போட்டேன். அப்புறம் மெஸ். அதற்கு மேல் லாட்ஜ். புயல் கூரையைத் தூக்கியது, பேங்க் கையை விரித்தது, பங்காளி கோர்ட்டுக்கு இழுத்தான். எல்லாரையும் சமாளித்தேன். என்னைச் சலிக்க வைத்தது கரப்பானும், அதைக் கொல்ல நான் வேலைக்கு வைத்த அல்வா பாயும்தான். இந்தக் கடற்கரையில் அவரைப் போல ஒரு மனுஷன் பிறந்ததில்லை. இனிப் பிறந்தால் தாங்க எனக்குத் தெம்புமில்லை.

பாய்க்குத் திருமலைராயன்பட்டினம். சவூதியில் ஓட்டல் ஓட்டலாகப் பூச்சிமருந்து அடித்துவிட்டு ஊர் திரும்பியவர். இங்கே வந்ததும் மருந்து அடிப்பதே கேவலமாகிவிட்டது அவருக்கு.

"மூஞ்சில அடிச்சுக் கொல்றது மரியாதையில்ல முதலாளி. விருந்து வச்சுத்தான் கொல்லணும்."

அல்வாவில் போரிக் பவுடரைப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி மூலைக்கு மூலை வைப்பார். பிசைவதற்கு முன்னாலேயே பாதி அல்வா அவர் வயிற்றுக்குள் போயிருக்கும். மீதியைப் பார்த்து, "நெய் பத்தல, பயலுவ வாயில வைக்க மாட்டானுவ" என்று என்னிடமே குறை சொல்வார்.

வருஷக்கணக்கில் வேலை செய்தது. காலையில் கூட்டினால் கரப்பான்கள் மல்லாந்து கிடக்கும். பிறகு மல்லாந்து கிடப்பது குறைந்து, ஓடுவது கூடிப்போனது.

மாங்கனித் திருவிழா வந்தது. பிரான்சிலிருந்து வருஷா வருஷம் வந்து என் இரண்டாம் மாடியை முழுசாக எடுக்கும் குடும்பம் இறங்கியிருந்தது. அவர்களைக் கேட்டுத்தான் அங்கிருந்து வரும் மற்றவர்களும் ரூம் போடுவார்கள். அந்த வீட்டம்மா படியில் நின்று சத்தம் போட்டார்.

"பெட்டிக்குள்ள கரப்பான் ஓடுதுங்க! சாயந்திரமே காலி பண்றோம்!"

பாயைப் பிடித்தேன். "இன்னையோட நின்னுக்குங்க பாய். உங்களால என் லாட்ஜு பேரே கெடுது."

அவர் காதில் வாங்கவேயில்லை. அந்த அறைக்குள் போய்த் தரையில் சம்மணம் போட்டார். சாமி ஊர்வலத்தில் மாடிகளிலிருந்து இறைத்ததில் பிடித்துவந்த மாம்பழம் ஒன்று, பாதி தின்ற நிலையில் ஜன்னலோரம் சாறு வழிந்துகொண்டிருந்தது. ஒரு கரப்பான் வந்தது, மீசையால் தொட்டது, பின்வாங்கியது. நேரே பெட்டிக்குள் போனது. அங்கே அந்தம்மா பட்டினச்சேரியில் வாங்கிக் கட்டிவைத்த கருவாடு இருந்தது.

"பாத்தீங்களா! மாங்கனி அன்னைக்கு மாம்பழம் வேணாங்கிற கரப்பான் உலகத்துலயே உங்க லாட்ஜுலதான் இருக்கு!"

"அதுகளுக்கும் சுகர் வந்துடுச்சா பாய்?"

"சுகரும் வரல, புத்தியும் வரல. இனிப்புக்கு அலையுற பயலுவ நம்ம அல்வாவைத் தின்னுட்டுப் போய்ச் சேந்துட்டானுவ. ஒண்ணு ரெண்டுக்குப் பொறக்கும்போதே இனிப்பு புடிக்காத நாக்கு. அது தின்னல, பொழச்சிச்சு, முட்டை விட்டுச்சு. குஞ்சுக்கும் அதே நாக்கு. இப்ப லாட்ஜு பூரா அந்த வம்சந்தான். எந்தக் கரப்பானும் மாறல முதலாளி, கூட்டந்தான் மாறிப்போச்சு."

அந்தம்மாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா வளத்திருக்கீங்க ரெண்டு பேரும்!"

"நாளைக் காலை வரைக்கும் பொறுங்கம்மா. அந்தக் கருவாட்டை மட்டும் குடுங்க" என்றார் பாய்.

அரை மனசாகக் கொடுத்தார். கருவாட்டைப் பொடித்து போரிக் பவுடரோடு உருட்டி வைத்தார் பாய். விடிந்தபோது வராந்தா முழுக்க மல்லாந்து கிடந்தன. குடும்பம் தங்கியது, பாயும் தங்கினார். ஆனால் முகம் தெளியவில்லை.

"கருவாடு புடிக்காத வம்சமும் ஒரு நாள் வரும் முதலாளி. அதைப் பாக்க நான் இருக்கணும்."

இருக்கவில்லை. சில வருஷத்திலேயே நெஞ்சுவலியில் மௌத்தாகிவிட்டார்.

போன வாரம் மெஸ்ஸில் கருவாட்டு உருண்டையை ஒரு கரப்பான் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கோபமே வரவில்லை. கூப்பிட்டுக் காட்ட ஆளில்லாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் இந்தக் கரப்பான்களை 'அல்வா பாய் வம்சம்' என்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் கட்டடம் என்னுடையது, அல்வா வாங்கிப் போட்டவன் நான். என் பேரையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவர் பேர் முதலில் வந்தாலும் பரவாயில்லை.