பெரிய எழுத்து அண்ணன், சின்ன எழுத்துத் தம்பி

புது விண்டோஸ் கம்ப்யூட்டரில் அச்சான முதல் சீட்டிலேயே வரிகள் மாடிப்படி மாதிரி சரிந்து இறங்கியதைப் பார்த்ததும் பாலகோபால் பிரிண்டரை அணைத்தான்.

தொண்ணூற்றெட்டில், காந்திபுரத்து மாடியறையில் கம்பெனி நடத்திய அவனுக்கு ஒரே கஸ்டமர் அக்பர் அலியின் சாயப்பட்டறை. இதுவும் போனால் கோபியில் மாமனாரின் தேங்காய் மண்டியில் போய் உட்கார வேண்டியதுதான்.

பட்டறையின் ஆர்டர் புரோகிராம் யூனிக்ஸ் என்கிற பழைய சிஸ்டத்தில் பிறந்தது. அதை விண்டோஸில் ஓட வைக்க நடுவில் லைப்ரரி என்கிற துணைப் புரோகிராம் ஒன்றைப் போட்டிருந்தான். புகுந்த வீட்டுக்கு வந்த மருமகளுக்குப் பிறந்த வீட்டுச் சாப்பாட்டையே போட்டு ஏமாற்றுகிற வேலை. புரோகிராம் ஏமாந்தது, பிரிண்டர் ஏமாறவில்லை. வரியை முடிக்கிற வழக்கம் இரண்டு வீட்டிலும் வேறு. அதைச் சரிசெய்தான், வரிக்கு வரி இடைவெளி விழுந்து காகிதம் தீர்ந்தது. அதையும் சரிசெய்துவிட்டு நிம்மதியாக டீ குடித்தான், பாவம்.

மறுநாள் பட்டறையின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சாந்தாமணி போன் செய்தாள்.

"ஏனுங்க சார், பெரியவரு நூலும் சின்னவரு நூலும் ஒரே லாரியில சின்னவரு ஊட்டுக்கே போயிருச்சுங்க."

இரண்டு பேரும் பட்டறைக்கு நூலைச் சாயம் போட அனுப்புகிற பார்ட்டிகள், பாகம் பிரித்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி. குலதெய்வத்தின் பெயரில் இருந்த கடைப்பெயரை மட்டும் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. சாந்தாமணி மரியாதை தெரிந்தவள். அண்ணன் கடையை இங்கிலீஷ் கேப்பிடல் எழுத்திலும் தம்பி கடையைச் சின்ன எழுத்திலும் அடித்து வைத்திருந்தாள். யூனிக்ஸுக்கு அவை இரண்டு ஃபைல். விண்டோஸுக்கு ஏது அந்த மரியாதை? இரண்டையும் ஒன்றாக்கி, தம்பி விலாசத்தைப் போட்டுவிட்டது.

பாலகோபால் அலறியடித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினான். அக்பர் அலி குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பெரியவரு தம்பி ஊட்டுக்குக் கெளம்பிட்டாருங்க. இந்தப் பார்ட்டிக போயிட்டா, நமக்கு இந்த மெசினும் வேண்டாமுங்க, புரோகிராமும் வேண்டாமுங்க."

பாலகோபால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஃபைலைப் பிரிக்க உட்கார்ந்தான். சாயங்காலம் ஒரே மொபெட்டில் அண்ணனும் தம்பியும் வந்து இறங்கினார்கள். சேர்ந்து அடிக்க வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தான்.

"பொழுது எறங்கறதுக்குள்ள பிரிச்சுக் குடுத்தர்றேனுங்க" என்று கையைக் கூப்பினான்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "சண்டை போடத்தானுங்க போனேன். வாசல்ல கால வெச்சதும் தம்பி சம்சாரம், 'வாங்க மாமா, சாப்பிடலாம்'னு சொல்லிப்போட்டுது. அப்புறம் எங்கீங்க சண்டை போடறது?"

தம்பி தயங்கித் தயங்கிப் பாலகோபால் பக்கத்தில் வந்தார்.

"பிரிக்கறதெல்லாம் வேண்டாமுங்க. காரமடையில எங்க கடைசித் தம்பி, அவனும் இதே பேருலதான் கடை வெச்சுட்டு, மூஞ்சி குடுக்காம இருக்கறானுங்க. அவனையும் இதுல சேத்தி உட்டுப்போட முடியுங்களா?"