கிலோமேத்ரு அண்ணனின் ஐம்பது

பஸ்ஸைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கிலோமேத்ரு அண்ணன். கடலூர் சாலையில் புகை கக்கிக்கொண்டு போகிற பஸ்ஸை ஓடியே எட்டிப் பிடிப்பார். கொஞ்ச தூரம் கூடவே ஓடி, டிரைவரிடம், "பாவம்யா, மூச்சு வாங்குது. நிறுத்தித் தண்ணி காட்டு" என்பார்.

பிரெஞ்சுக்காரர்கள் போன கையோடு கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் குமாஸ்தாவாக வந்தவன் நான். எங்கள் ஆபீஸில் அவர் பிளாந்தோன், அதாவது பியூன். பக்கத்து அறைக்கு ஃபைல் கொடுத்தால்கூட கடற்கரையை ஒரு சுற்று சுற்றித்தான் கொண்டுபோவார். அப்படியும், டீ குடித்துவிட்டு நடந்து போகிற மற்ற பியூன்களுக்கு முன்னால் ஃபைல் போய்ச் சேர்ந்துவிடும். யார் கேட்டாலும் தூரத்தைக் 'கிலோமேத்ரு' என்று பிரெஞ்சு வாசனையோடு சொல்லுவார். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

எல்லையில் சுங்கச் சாவடி இருந்த காலத்தில் ஒருமுறை இவர் ஓடுவதைப் பார்த்து, கடத்தல்காரன் என்று காவலர்கள் துரத்தியிருக்கிறார்கள். "அப்புறம் என்னாச்சுண்ணே?" என்றேன்.

"ரெண்டு கிலோமேத்ருல அவுங்க நுரை தள்ளிட்டாங்க முசே. பாக்க மனசு கேக்கல. நானே திரும்பிப் போயி நின்னேன். சோதனை போட்டாங்க. மடியில ஒரு வெங்காயம் இருந்துச்சு."

பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து ஐயா என்பதற்கு முசே என்றே கூப்பிட்டுப் பழகியவர். நேற்று வந்த எனக்கும் அதே மரியாதைதான்.

ஊரே சிரித்தாலும் அவர் மனைவி அஞ்சலை அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்ம சாரம் பேட்டையிலியே முக்குக்கு முக்கு மீனு விக்குது. இந்த மனுசன் வீராம்பட்டினம் வரைக்கும் ஓடிப்போயி வாங்கியாறாரு. அரை நிஜாரப் போட்டுக்கினு ஓடினா நாலு பேரு இன்னா நெனப்பாங்க?" என்று என்னிடம் புலம்புவார்.

ஒருநாள் அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டார். "ஒரே ஒரு தபா என் கண்ணு முன்னால ஜெயிச்சிக் காட்டு. இல்லேன்னா அன்னியோட ஓட்டத்த வுட்டுடணும். அந்த நிஜாரு அடுப்புக்குப் போவும்."

அண்ணனுக்குப் பேயறைந்தது போலாகிவிட்டது. ஓடாமல் இரு என்பதும் மூச்சு விடாமல் இரு என்பதும் அவருக்கு ஒன்றுதான்.

நல்லவேளையாக அந்த மாதமே போட்டி ஒன்று வந்தது. கடலூர்ப் பக்கத்து இளைஞர்கள் சிலர் நடத்தினார்கள். ஊரைச் சுற்றிப் போகிற புல்வார் சாலையில் ஓட்டம். நோட்டீஸைப் படித்து, விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவன் அடியேன்.

"எத்தினி முசே?"

"ஐம்பது."

அவ்வளவுதான் சொன்னேன். கடலூர்க்காரனுக்கு ஐம்பது என்றால் மைல்தானே! மைல் என்று வேறு தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புதுச்சேரிக்காரருக்கு ஐம்பது என்றால் கிலோமீட்டர். கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஓட்டம் ஆரம்பித்தது. மொத்தம் பதினாறு சுற்று என்று நடுவர் அறிவித்தபோது, அண்ணன் ஓரமாக நின்று அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். பத்துச் சுற்றில் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, அக்காவைப் பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

அப்பப்பா, என்ன ஓட்டம்! பத்தாவது சுற்றில் மற்றவர்களெல்லாம் அரைச் சுற்று பின்னால் கிடந்தார்கள். அண்ணன் நடுவர் மேசைக்கு முன்னால் வந்து நின்று கும்பிடு போட்டார். பூரித்துப்போன அக்கா தூக்குச்சட்டியைத் திறந்தார். நானும், ஏதோ ஒரு வாய் குடித்துவிட்டு ஓடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கருவாட்டைக் கடித்துக்கொண்டு சட்டிக் கூழையும் காலி பண்ணிவிட்டு, பக்கெட் தண்ணீரில் காலையும் நனைத்துக்கொண்டார்.

நடுவர் ஓடிவந்தார். "என்னய்யா உக்காந்துட்டே? இன்னும் ஆறு சுத்து இருக்கு!"

"அம்பது கிலோமேத்ரு ஆயிப்போச்சே முசே!"

"மைலுய்யா! அம்பது மைலு!"

அதற்குள் இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போயிருந்தார்கள். அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா அவருடைய நிஜாரைப் பார்த்தார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஓடுய்யா!"

ஒரு சட்டிக் கூழோடு ஓடினார். வயிறு குலுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அக்கா சொம்புத் தண்ணீரோடு சாலையில் இறங்கி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பத்தடி கூடவே ஓடினார். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலையெல்லாம் எங்கே போனதோ! அண்ணன் ஒருவனை எட்டிப் பிடித்துவிட்டார். இன்னொருவனை முடியவில்லை. இருபதடி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்து விழுந்தார்.

நிஜாருக்கு ஆயுசு முடிந்தது என்று நான் தலையில் கைவைத்தேன். அக்கா நேராக நடுவர் மேசைக்குப் போனார்.

"எங்க ஊரு அம்பதுல மொதல்ல வந்தது யாரு?"

"அது... இவருதாம்மா."

"அத்த எழுதிக் குடு. மிச்சம் உங்க ஊரு கணக்கு, அத்த நீங்களே வச்சிக்குங்க."

நடுவர் எழுதியே கொடுத்துவிட்டார். அண்ணன் பென்ஷன் வாங்கும்வரை ஓடினார், அதற்குப் பிறகும் ஓடினார். மறுவருஷப் போட்டி நோட்டீஸில் மைலுக்குப் பக்கத்தில் கிலோமீட்டரும் அச்சாகி வந்தது. அண்ணன் உலகத்துக்கு விட்டுப்போன கொடை அது.

ஒன்றை மட்டும் இத்தனை நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாளை எழுதிக்கொண்டே நடுவர், "அம்பது கிலோமீட்டருன்னு எந்தப் புத்திசாலி சொன்னான்?" என்று கேட்டார். ஓட்டம் பார்க்க வந்த எங்கள் ஆபீஸர் வேறு பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என் காது கொஞ்சம் மந்தம் முசே, நான்தான் தப்பா வாங்கிக்கினேன்" என்றார்.

அன்றிலிருந்து கடைசிவரை ஊரில் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னார். அக்காகூட அவரிடம் சத்தம் போட்டுப் பேசப் பழகிவிட்டார். அண்ணே, உங்களுக்குப் பாம்புக் காது என்று இப்போது ஊருக்கே சொல்லிவிட்டேன். கோவிச்சுக்காதீங்க.